வலிக்கு மதிப்பெண்: ஒரு மிருதங்க மாணவரின் பதினோரு மாதங்கள்

பதிவின் நோக்கம்

சென்னையின் தென்பகுதியில், சுமார் இருபது பேர் பயிலும் ஒரு சிறிய மிருதங்க வகுப்பை நான் பதினெட்டு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். என் மாணவர்களில் ஒருவர் அளவுமீறிய சாதகத்தால் (வாசிப்புப் பயிற்சியால்) வலக்கையைக் கெடுத்துக்கொண்டதையும், அது நடந்துகொண்டிருந்தபோது அருகிலேயே இருந்த நான் அதைக் கவனிக்காமல் விட்டதையும், பின்னர் எடுத்த முடிவுகளையும் மற்ற ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன். மாணவரும் அவருடைய தாயாரும் இதை முழுவதும் படித்துச் சம்மதம் தெரிவித்த பிறகே இது வெளியாகிறது. அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

மாணவருக்கு அப்போது வயது 19. பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். எட்டு வயதில் என்னிடம் சேர்ந்தவர். வகுப்பிலேயே மிக வேகமான கை அவருடையது என்று சொல்ல முடியாது. ஆனால் நாதம் நன்றாக இருந்தது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் சாப்பு என்ற கணீரென்ற அடி விழும்போது அது அடங்கும் வரை காத்திருந்து அடுத்த சொல்லுக்கு, அதாவது அடுத்த அடிக்கு, போகும் நிதானம் அவருக்குச் சிறு வயதிலேயே வாய்த்திருந்தது. பாடுபவருக்குப் பின்னால் சர்வலகுவாக (கணக்குகளை அடுக்காமல் சீரான ஓட்டமாக) வாசித்துக்கொண்டு போகையில் பாட்டு தானாக ஒரு தளத்தில் அமர்ந்துகொள்ளும். பக்கவாத்தியக்காரருக்கு இதைவிடப் பெரிய சொத்து இல்லை என்று நான் நினைக்கிறேன். அதை அவரிடம் போதுமான அளவுக்கு நான் சொல்லவில்லை என்பதை இந்தப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அந்த ஆண்டு டிசம்பர் மூன்றாம் வாரத்தில், ஒரு சபாவின் மதிய நேர இளையோர் கச்சேரியில் ஓர் இளம் பாடகிக்கு வாசிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருந்தது. மார்கழி சீசனில் அவருக்கு அதுதான் முதல் மேடை. மிருதங்கம் மட்டும் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குப் பத்து நிமிடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் தாயும் மகனும் மட்டுமே. தாயார் வேலைக்குப் போய் வந்துதான் குடும்பம் நடக்கிறது. கல்லூரிக் கட்டணத்தோடு வகுப்புக் கட்டணத்தையும் அவர் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. அந்தச் சுமையை மாணவர் வெளியே சொல்லாவிட்டாலும், தான் வீணாகிவிடக் கூடாது என்ற பதற்றம் அவரிடம் எப்போதும் இருந்தது.

படமும் அதைக் காட்டிய விதமும்

ஜூலை இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பெரிய மாணவர்கள் ஏழு பேரை உட்கார வைத்து, டேமியன் ஷசெல் இயக்கி 2014இல் வெளிவந்த 'விப்லாஷ்' படத்தைக் காட்டினேன். நியூயார்க்கில் ஒரு கற்பனை இசைக் கல்லூரியில் ஜாஸ் டிரம் பயிலும் 19 வயது முதலாண்டு மாணவனையும், அவமானத்தையும் அச்சத்தையும் கருவியாகக் கொண்டு மேதையை உருவாக்கிவிடலாம் என்று நம்பும் ஆசிரியரையும் பற்றிய கதை அது. ஆசிரியராக நடித்த ஜே.கே. சிம்மன்ஸுக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. படத்தொகுப்புக்கும் ஒலிக்கலவைக்கும் ஆஸ்கர் விருதுகள் வந்தன. வெறும் 19 நாட்களில் படமாக்கப்பட்ட ஒன்றே முக்கால் மணி நேரப் படம். தாள வாத்தியம் வாசிக்கிறவர்களைப் பற்றி இவ்வளவு நெருக்கமாக எடுக்கப்பட்ட படங்கள் அரிது என்பதால் மாணவர்களுக்கு உற்சாகம் தரும் என்று நினைத்துக் காட்டினேன்.

படம் முடிந்தபோது இரவு எட்டரை ஆகியிருந்தது. பெற்றோர் வாசலில் காத்திருந்தார்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "செம சார்" என்றார்கள். அத்தோடு கலைந்தோம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கட்டாயம் பேசியிருக்க வேண்டியவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் பேசவில்லை.

அப்படிப் பேசாமல் விட்டவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். படத்தில் ஆசிரியர் ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். பின்னாளில் ஜாஸ் சாக்ஸஃபோன் மேதையான சார்லி பார்க்கர் இளம் வயதில் மேடையில் சொதப்பியபோது டிரம்மர் ஜோ ஜோன்ஸ் அவருடைய தலையை நோக்கி ஒரு சிம்பலை (டிரம்மோடு இருக்கும் உலோகத் தட்டை) வீசினார், அந்த அவமானம்தான் பார்க்கரை மேதையாக்கியது என்பது அந்தக் கதை. ஆனால் 1936இல் கான்சஸ் சிட்டியின் ரெனோ கிளப்பில் நடந்ததாகப் பதிவாகியிருப்பது வேறு. போதும் இறங்கு என்பதற்கு அடையாளமாக, சிம்பல் அவருடைய காலடியில் தரையில்தான் விழுந்தது. அதற்கு அடுத்த கோடையில் பார்க்கர் ஓசார்க் மலைப்பகுதியில் ஒரு குழுவோடு வாசிக்கப் போனார். போகும்போது மூத்த சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங் வாசித்த இசைத்தட்டுகளைக் கையோடு எடுத்துப்போய்க் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார். ஸ்வர அடுக்குகளைச் சக கலைஞர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். கடுமையாக உழைத்தார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த உழைப்பில் ஒரு முக்கியப் பகுதி கேட்பதும் கேட்டுத் தெரிந்துகொள்வதுமாக இருந்தது. படத்தின் கதையில் அது இல்லை. பார்க்கர் 1955இல், 34 வயதில், போதைப் பழக்கத்தால் சிதைந்த உடலோடு இறந்தார் என்பதையும் நாங்கள் பேசவில்லை.

இரண்டாவது, படத்தொகுப்பு சம்பந்தப்பட்டது. கை கிழிகிறது, ரத்தம் டிரம் மேல் தெறிக்கிறது, மாணவன் கையைப் பனிக்கட்டித் தண்ணீரில் அமிழ்த்துகிறான், அடுத்த காட்சியில் மீண்டும் வாசிக்கிறான். காயம் ஆறுவதற்கு ஆகும் நாட்கள் வெட்டுக்கு வெளியே போய்விடுகின்றன. பார்ப்பவர் மனத்தில் காயமும் வெற்றியும் மட்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. கதையின் நோக்கம் அந்த ஆசிரியரைப் புகழ்வது அல்ல என்று எனக்குத் தெரியும். அவருடைய பழைய மாணவர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டதைப் படமே சொல்கிறது. கதாநாயகன் முப்பதுகளில் போதையால் இறந்துபோவான் என்றே தாம் நினைப்பதாக இயக்குநரும் ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். ஆனால் 19 வயதில் ஒருவர் அந்த இறுதித் தனி வாசிப்பைப் பார்க்கும்போது உடலில் ஏறுவது எச்சரிக்கை அல்ல, கிளர்ச்சி. எனக்கே அப்படித்தான் இருந்தது.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கண்டவை

ஆகஸ்ட் நடுவில் மாணவரின் வாசிப்பில் வேகம் கூடத் தொடங்கியது. வீட்டில் எத்தனை மணி நேரம் சாதகம் என்று கேட்டபோது "அஞ்சு மணி நேரம் சார்" என்றார். கல்லூரி போக ஐந்து மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. உண்மையில் அது ஏழு மணி நேரமாக இருந்தது என்பதும், இரவு பத்து முதல் இரண்டு வரை அதில் பெரும்பகுதி கழிந்தது என்பதும் பின்னர் தெரிந்தன.

செப்டம்பரில் வலக்கை ஆள்காட்டி விரலின் நுனித்தோல் வெடித்திருந்தது. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். வாசித்து முடித்தபோது பிளாஸ்டர் நழுவி, வலந்தலையின் ஓரத்தைச் சுற்றியுள்ள மீட்டுத் தோலின் வெள்ளை மேல் கடுகளவு சிவப்புப் பொட்டு ஒன்று படிந்திருந்ததைப் பார்த்தேன். சின்ன மாணவர்கள் ஆறேழு பேர் சுற்றி இருந்தார்கள். அவர்கள் முன்னால் நான் சொன்ன வார்த்தைகள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன: "பாத்தீங்களா, உழைப்புன்னா இதுதான்." அதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. என் குருநாதர் வீட்டில் நான் அடி வாங்கி வளர்ந்த கதைகளை இதே மாணவர்களிடம் பலமுறை நெகிழ்ந்து சொல்லியிருக்கிறேன். படத்தின் மேல் மட்டும் பழி போட என்னால் முடியாததற்குக் காரணம் இதுதான். அந்தப் படம் சொன்னதை ஏற்றுக்கொள்ளும் மண்ணை நானே பண்படுத்தி வைத்திருந்தேன்.

வேறு அறிகுறிகளும் இருந்தன. நண்பர்களோடு வெளியே போவதை நிறுத்திவிட்டார். கல்லூரியில் இரண்டு தாள்களில் அரியர் விழுந்தது. எடை குறைந்தது. நவராத்திரி கொலுவுக்கு ஒரு வீட்டில் வாசித்தபோது, பாடிய பெண் நிரவலில் (பாட்டின் ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் இடத்தில்) ஒரு சங்கதியை மெல்ல விரித்துக்கொண்டிருக்கையில், இவர் அதைக் கவனிக்காமல் ஃபரன்களாக, அதாவது அதிவேக அடிகளாக, நிரப்பிக்கொண்டு போனார். பாட்டின் மேல் விழுந்து வாசிக்கும் பழக்கம் அவருக்கு அதற்கு முன் இருந்ததில்லை. கேட்டவர்கள் கைதட்டினார்கள். எனக்கு உறுத்தியது, ஆனால் இளமை வேகம் என்று எண்ணி விட்டுவிட்டேன். இப்போது யோசித்தால், உடல் காட்டிய அறிகுறிகளைவிட இதுவே தெளிவானது. கூடவே பாடுகிறவரைக் கேட்க முடியாத நிலைக்கு ஒரு பக்கவாத்தியக்காரர் வந்துவிட்டால், அவருக்குள் ஏதோ சரியில்லை என்று ஆசிரியருக்கு உடனே தெரிந்திருக்க வேண்டும்.

நவம்பர்: முதல் முடிவு

நவம்பர் இரண்டாம் வாரத்தில் வலது மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்பக்கமாக வலி இருப்பதாகச் சொன்னார். அவராகச் சொன்னதல்ல. மிருதங்கப் பையை இடக்கையால் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து நான் கேட்ட பிறகே சொன்னார். கச்சேரிக்கு ஐந்து வாரங்களே இருந்தன. ஐஸ் வைக்கச் சொன்னேன், வலி நிவாரணக் களிம்பு தடவச் சொன்னேன், சாதகத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். தனி ஆவர்த்தனத்துக்கு அமைத்திருந்த மிஸ்ர நடைக் கோர்வையை (ஏழு ஏழாக எண்ணும் நடையில் கணக்காகத் தொடுத்த அமைப்பை) சற்று எளிமையாக்கிக் கொடுத்தேன். கச்சேரியைத் தொட நான் துணியவில்லை. முதல் சீசன் மேடை, ஒப்புக்கொண்ட பிறகு விலகினால் அடுத்த ஆண்டு கூப்பிட மாட்டார்கள், வலி எல்லோருக்கும் வருவதுதானே என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

இந்த முடிவு தவறியதற்கு இரண்டு காரணங்கள். மருத்துவரிடம் அனுப்பாமல் நானே வைத்தியம் சொன்னது ஒன்று. குறைக்கச் சொன்னால் அவர் குறைப்பார் என்று நம்பியது மற்றொன்று. மூன்று வாரங்கள் இப்படிப் போயின. வகுப்பில் வலி இல்லை என்றே சொல்லிவந்தார். தினமும் இரண்டு வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் தாமாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நோட்டு

டிசம்பர் முதல் வாரத்தில் தாயார் என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. "சார், ராத்திரி ரெண்டு மணிக்கு மேலயும் மொத்து மொத்துன்னு சத்தம் கேக்குது. கேட்டா கத்துறான். இதை அவன் பெட்டுக்கடியில பாத்தேன். எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க பாருங்க" என்று சொல்லிக் கொடுத்தார்.

பக்கம் பக்கமாக, கோடு போட்டு நான்கு பத்திகள். முதலில் தேதி. இரண்டாவதில் மணி நேரம். மூன்றாவதில் மெட்ரோனோம் எண், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகக் கணக்கு. ஆகஸ்டில் 84இல் தொடங்கி நவம்பர் இறுதியில் 112 வரை ஏறியிருந்தது. நான்காவது பத்தியின் தலைப்பு 'வலி'. அதில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருந்தார். 3, 4, 4, 6. ஏழுக்கு மேல் போன நாட்களில் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம், அருகில் ஒரு சரி குறி. மூன்றுக்குக் குறைந்த நாட்களில், சிவப்புப் பேனாவால் 'ஏமாத்திட்டேன்' என்று எழுதியிருந்தார். செப்டம்பரில் ஒரு நாளின் எதிரே மட்டும் 'சார் பாத்தாங்க' என்று இருந்தது. மீட்டில் ரத்தப் பொட்டு படிந்த நாள் அது.

நான் அந்த நோட்டை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். அவருக்கு வலி ஒரு தடையாகவே இருக்கவில்லை. அன்றைய உழைப்புக்கு அதுதான் சான்றிதழாக இருந்தது. அந்தச் சான்றிதழில் முதல் கையெழுத்து போட்டவன் நான்.

அன்று மாலையே மாணவரின் வீட்டுக்குப் போய், எப்படிச் சாதகம் செய்கிறார் என்று காட்டச் சொன்னேன். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாதிருக்க, குளிக்கும் துண்டை இரட்டையாக மடித்து வலந்தலையின் மேல் போட்டு வாசித்துக்கொண்டிருந்தார். துண்டு நாதத்தை விழுங்கிவிடுகிறது. காதுக்குச் சொல் கேட்காததால் கை தானாகவே ஓங்கி அடிக்கிறது. அதோடு, இழுத்துக் கட்டிய தோல் விரலைத் திருப்பித் தள்ளிவிடும் இயல்புடையது. துண்டின் மேல் அந்த எதிர்விசை இல்லாததால், ஒவ்வொரு அடிக்குப் பிறகும் கையை மணிக்கட்டின் பலத்தால்தான் தூக்க வேண்டியிருக்கிறது. இரவில் நான்கு மணி நேரம், நான்கு மாதங்கள். வலி எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மருத்துவரிடம்

மறுநாள் காலை மூவரும் ஓர் எலும்பு மூட்டு மருத்துவரிடம் போனோம். அவர் அதிகம் பேசவில்லை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, மற்ற விரல்களால் அதை மூடி, அந்த முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொன்னார். கால் அங்குலம்கூடச் சாய்ந்திருக்காது. நோட்டில் எட்டு மதிப்பெண் வரை பதிந்துவிட்டு எவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாதிருந்தவரின் கண்களில் நீர் வந்துவிட்டது.

டி கெர்வைன் நோய் என்றார். 1895இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயர் அது. கட்டைவிரலை அசைக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. ஓயாத அசைவால் அந்த உறை தடித்துப் போகும்போது ஒவ்வோர் அசைவும் உரசலாகிவிடுகிறது. கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் இளந்தாய்மாருக்கு இது அதிகம் வரும் என்றும் சொன்னார். கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் பட்டை ஆறு வாரங்களுக்குப் போட வேண்டும், அதுவரை வாசிப்பே கூடாது, அதற்கும் கட்டுப்படாவிட்டால் ஊசி, அதன் பிறகும் இல்லாவிட்டால் அறுவை சிகிச்சை என்றார். தாமாக வாங்கிப் போட்ட மாத்திரைகளால் வயிறு புண்ணாகியிருந்தது. அதற்கும் மருந்து எழுதினார்.

விரல்கள் தாமாகச் சுருண்டுகொள்வதோ கட்டுப்பாடு இழப்பதோ உண்டா என்று அவர் கேட்டுச் சோதித்துப் பார்த்தார். இல்லை என்று உறுதியானபோது எனக்கு உயிர் வந்தது. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியான் ஃபிளைஷருக்கு 1964இல், 36 வயதில், வலக்கையின் நான்காம் ஐந்தாம் விரல்கள் உள்ளே சுருண்டுகொண்டன. சுமார் முப்பது ஆண்டுகள் அவர் இடக்கைக்கென்று எழுதப்பட்டவற்றையே மேடையில் வாசிக்க நேர்ந்தது. அது தசைநாண் வீக்கம் அல்ல. ஒரே அசைவை அளவுமீறித் திணித்ததில் மூளை விரல்களை ஆளும் விதமே குழம்பிப்போகும் நிலை. ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. எங்கள் மாணவர் அந்த எல்லைக்குப் போகவில்லை என்பதில் எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

கச்சேரியிலிருந்து விலகல்

கச்சேரிக்குப் பதினான்கு நாட்கள் இருந்தன. அன்றே அமைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, காரணத்தை மறைக்காமல் சொல்லி, மாற்று ஏற்பாடாக என் இன்னொரு மாணவரை அனுப்புவதாகச் சொன்னேன். அவர் வருத்தத்தோடு ஏற்றுக்கொண்டார். மாணவரிடம் கேட்காமல் இதைச் செய்தேன். கேட்டிருந்தால் என் மனம் இளகியிருக்கும் என்று பயந்தேன். முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அவரை வைத்துக்கொண்டு அதைச் செய்யாதது தவறு.

செய்தி தெரிந்ததும் அவர் என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். "அந்தப் படத்துல கார் மோதி, ரத்தத்தோட வந்து மேடையில உக்காருறான் சார். நீங்கதான போட்டுக் காட்டுனீங்க?" என்று கேட்டார். அந்தக் காட்சியில் அவனால் குச்சியைப் பிடிக்க முடியாமல் கச்சேரி பாதியில் நின்றுபோகிறது என்பதை நான் நினைவுபடுத்தினேன். அதைக் கேட்கும் நிலையில் அவர் இல்லை. பிறகு பதினோரு நாட்கள் வகுப்புக்கு வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. தாயாரோடு தினமும் பேசினேன். அறையை விட்டு வெளியே வருகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்பது மட்டும் தெரிந்தது. கல்லூரியின் மனநல ஆலோசகரிடம் தாயார் அவரை அழைத்துப் போனார். அங்கே பேசியதைப் பற்றி நான் கேட்டதில்லை.

கச்சேரி நாளன்று, மாற்றாக வாசித்த மாணவரைக் கேட்க அவர் அரங்கின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். கையில் பட்டை இருந்தது. முடிந்ததும் என்னிடம் வந்து, "மோராவுல அரை இடம் தள்ளிட்டான் சார்" என்றார். மோரா என்பது தனியை முடிக்கும் பகுதி. இரண்டு வாரங்களுக்குப் பிறகு வாசிப்பைப் பற்றி அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

கை ஓய்ந்த ஆறு வாரங்கள்

கையைத் தொடக் கூடாது என்று மட்டும் சொல்லி ஒரு தாளக்காரரை ஆறு வாரம் வீட்டில் உட்கார வைக்க முடியாது. நம் மரபிலேயே அதற்கு வழி இருக்கிறது. டிசம்பர் இறுதியிலிருந்து வாரம் மூன்று நாள் அவருக்குக் கொன்னக்கோல் (மிருதங்கச் சொற்களை வாயால் சொல்லும் கலை) பாடம் நடத்தினேன். இடக்கையால் தாளம், வாயால் சொல். கையில் 112இல் ஓடிய கோர்வையை வாயால் 60இல் சொல்லச் சொன்னபோது இரண்டு இடங்களில் தடுக்கியது. விரல்கள் பழக்கத்தில் ஓடியிருக்கின்றன, கணக்கு மனத்தில் தெளிவாக இல்லை என்பது அவருக்கே புரிந்தது. அந்தக் கண்டுபிடிப்பில் அவருக்கு ஒரு சுவாரசியம் பிறந்ததை முகத்தில் பார்த்தேன்.

மற்ற நாட்களில் கச்சேரிகளுக்குப் போய்க் கேட்பது. பழைய ஒலிப்பதிவுகளில் பெரிய வித்வான்கள் தனி அல்லாத நேரத்தில் என்ன செய்கிறார்கள், எங்கே வாசிக்காமல் விடுகிறார்கள் என்று குறித்துவரச் சொன்னேன். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் ஒரு பதிவைக் கேட்டுவிட்டு, பல்லவி வரியில் அவர் கையை எடுத்த இடங்களை மட்டும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்.

இந்தக் காலத்தில் ஓர் ஆய்வைப் பற்றியும் நாங்கள் பேசினோம். 'பத்தாயிரம் மணி நேரம்' என்று எல்லோரும் சொல்லும் கணக்குக்கு மூலமான, ஆண்டர்ஸ் எரிக்ஸனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு அது. பெர்லினில் வயலின் பயின்ற மாணவர்களில் மிகச் சிறந்தவர்கள் தனியாகச் சாதகம் செய்தது சராசரியாக நாளுக்கு மூன்றரை மணி நேரம்தான். அதையும் ஒரே மூச்சில் செய்யாமல், சுமார் 80 நிமிடத் துண்டுகளாகப் பிரித்துச் செய்திருக்கிறார்கள். சாதாரண மாணவர்களைவிட அவர்கள் அதிகம் தூங்கினார்கள், பகலிலும் சற்றுக் கண் அயர்ந்தார்கள். மொத்த எண் மட்டும் ஊரெல்லாம் பரவி, தூக்கம் பற்றிய பகுதி பரவாமல் போனது எனக்கு வருத்தம் தருகிறது.

மீளல்

ஜனவரி நடுவில் பட்டையை எடுத்தார்கள். ஊசி தேவைப்படவில்லை. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி முதல் இரண்டு வாரங்கள் கைப்பயிற்சி மட்டும். பிப்ரவரி தொடக்கத்தில் தா, தீ, தொம், நம் என்று எட்டு வயதில் தொடங்கிய அதே பாடத்தில், நாளுக்கு இருமுறை பத்து நிமிடம் என்று ஆரம்பித்தோம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினோம். மெட்ரோனோமை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். தாளத்தைக் கையால் நானே போட்டேன்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு பின்னடைவு. ஒரு நாள் தன்னை மறந்து ஒன்றரை மணி நேரம் வாசித்துவிட்டார். மணிக்கட்டு மீண்டும் வீங்கியது. பத்து நாள் ஓய்வு. இம்முறை அன்று மாலையே அவராகத் தொலைபேசியில் சொன்னார். என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வு முழுவதிலும் முக்கியமான திருப்பம் அந்த அழைப்புதான்.

மாற்றிக்கொண்டவை

விரலில் பிளாஸ்டரோடு எவர் வந்தாலும் அன்று வாசிப்பு இல்லை, உட்கார்ந்து கேட்பது மட்டுமே. அதைப் பற்றிப் பாராட்டாகவோ பெருமையாகவோ வகுப்பில் ஒரு சொல்லும் சொல்வதில்லை. நான் அடி வாங்கிய கதைகளை நிறுத்திவிட்டேன். அவற்றால் நான் நன்றாக வாசிக்கக் கற்றேனா என்று நேர்மையாகக் கேட்டுக்கொண்டபோது, என் குருநாதர் பக்கத்தில் அமர்ந்து வாசித்துக் காட்டிய மாலைகளில்தான் கற்றேன் என்பது தெளிவாயிற்று.

துணி போட்டு வாசிப்பது கூடாது. இரவில் சத்தம் பிரச்சினையென்றால் வாயால் சொல்லிப் பழகலாம். மேடைக்கு மூன்று மாதம் முன்பிருந்து, மாணவர் வீட்டில் சாதகம் செய்வதை மாதம் ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்கிறேன். இதற்கு நேரம் பிடிக்கிறது. அதனால் புதிய மாணவர்களைச் சேர்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். மணிக்கட்டு, தோள், முதுகு எதிலாவது வலி ஒரு வாரம் நீடித்தால் மருத்துவர், களிம்பு அல்ல. தூக்கம், கல்லூரி, நண்பர்கள் பற்றி வகுப்பில் சாதாரணமாகக் கேட்கிறேன். பதில்களைவிட, கேட்டதும் மாறும் முகத்தைக் கவனிக்கிறேன்.

படத்தை விலக்கவில்லை. அடுத்த ஆண்டும் காட்டினேன். ஆனால் காலை பத்து மணிக்குத் தொடங்கி, முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டு, மாலை வரை பேசினோம். ரெனோ கிளப் கதையை முழுவதும் சொன்னேன். முதல் ஆண்டு பார்த்தவர்களில் மூவர் இம்முறையும் வந்திருந்தார்கள். இந்த மாணவரும் ஒருவர்.

இப்போதைய நிலை

ஜூன் மாத இறுதியில், ஒரு கோயில் நிகழ்ச்சியில் ஒன்றே கால் மணி நேரம் முழுமையாக வாசித்தார். வேகம் முன்பிருந்த அளவுக்கு இல்லை. மணிக்கட்டில் காலை நேரங்களில் இறுக்கம் இன்னும் இருக்கிறது. அது முழுவதும் போய்விடுமா என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. அன்று பாடியவர் நிரவலில் நின்று விரித்த இடத்தில் இவர் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒரே ஒரு கும்கி (தோலை அழுத்தி எழுப்பும் குழைந்த ஒலி) கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். அரியர் தாள்களில் ஒன்றைத் தேறிவிட்டார், ஒன்று பாக்கி.

படத்தின் முடிவைப் பற்றி எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. கடைசியில் அந்த மாணவன் ஜெயித்துவிட்டான் என்றே அவர் இன்றும் வாதிடுகிறார். அவன் தன் ஆசிரியரிடம் மொத்தமாகத் தோற்றுப்போனான் என்று நான் சொல்கிறேன். அந்த வாதம் நடக்கும்போது அவர் குரலை உயர்த்திப் பேசுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

நோட்டு இப்போதும் இருக்கிறது. மெட்ரோனோம் பத்தியை அடித்துவிட்டார். 'வலி' பத்தி மட்டும் அப்படியே உள்ளது. அதில் எது எழுதப்பட்டாலும் அன்றைய சாதகம் அத்துடன் நிற்க வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஏற்பாடு. சென்ற வாரம் புரட்டிப் பார்த்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமைக்கு எதிரே 'மணிக்கட்டு, லேசாக' என்றும், நேரத்துக்கான பத்தியில் '25 நிமிடம்' என்றும் இருந்தது. சிவப்புப் பேனா எங்கும் இல்லை.